இரட்டைப் பட்டா

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இயங்குவதுபோல் செய்யும் ஏற்பாட்டுக்கு வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். நேற்று முளைத்த சமாச்சாரம் என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் கிரீசியும் அவர் சகாக்களும் செய்த சிபி-40 என்ற அமைப்பு 1967 ஜனவரியிலேயே வேலைக்கு வந்துவிட்டது. ஒரு இயந்திரத்துக்குள் 14 இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 256 கே நினைவகம். அடுத்து சிபி-67. பிறகு 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்று ஐபிஎம் அதிகாரபூர்வமாக அறிவித்தது.

இல்லாத இயந்திரம் எங்கே இருக்கிறது? ஒரு ஃபைலில் எழுதிய எட்டுப் பத்து வரிகளில். விஎம்/370-இல் அதற்கு டைரக்டரி என்று பெயர். ‘யூஸர்’ என்ற முதல் வரியில் ஆளின் பெயர், கடவுச்சொல், எவ்வளவு நினைவகம். அடுத்த வரிகளில் அவருக்கு ஒரு கன்சோல், ஒரு கார்டு ரீடர், ஒரு கார்டு பஞ்ச், ஒரு பிரிண்டர். அத்தனையும் பாவனைதான். கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். அதனால் அந்த ஃபைலைத் திறக்க முடிந்தவர் கையில் மொத்த நிறுவனமும் இருந்தது.

எனக்குப் பிடித்த வரி ‘எம்டிஸ்க்’. ஐபிஎம் 3330 என்ற டிஸ்கில் 404 சிலிண்டர்கள் உண்டு. அதைப் பல பேருக்குத் துண்டு போட்டுத் தர வேண்டும். “உன் 191-ஆம் எண் டிஸ்க், 101-ஆவது சிலிண்டரில் தொடங்கி 10 சிலிண்டர்” என்று அந்த வரி சொல்லும். நம்மூர்ப் பட்டா மாதிரிதான். சர்வே எண், எங்கிருந்து எவ்வளவு, யார் பெயரில். நிர்வாகி தாளில் கூட்டிக் கழித்து, அடுத்தவருக்கு 111-இலிருந்து எழுத வேண்டும்.

கை தவறி 110 என்று எழுதினால்? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. முதல் ஆளின் கடைசி சிலிண்டர் காலியாகக் கிடக்கும் வரை இருவரும் நிம்மதியாக வேலை செய்வார்கள். பல மாதம் கழித்து அவர் டிஸ்க் நிரம்பும். எழுத்து 110-இல் விழும். அதுதான் பக்கத்து ஆளுக்கு முதல் சிலிண்டர், அவருடைய ஃபைல்களின் பட்டியலே இருக்கும் இடம். ஒரு ஃபைலும் திறக்காது. தவறு செய்தவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், இழந்தவர் மூன்றாமவர். சிவில் கோர்ட்டில் நாம் பார்க்காத கதையா!

டைரக்டரியைச் சரிபார்த்து ஏற்றும் ‘டைரக்ட்’ நிரல் வரிகளின் இலக்கணத்தைப் பார்க்குமே தவிர இந்த மோதலைத் தடுக்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது. காப்புப் பிரதி எடுப்பவருக்கு டிஸ்க் முழுவதையும், பூஜ்யத்திலிருந்து கடைசி வரை, ஒரே துண்டாக எழுதிக் கொடுப்பது வழக்கம். அது எல்லோர் துண்டின் மேலும் படியும். எது வேண்டுமென்று செய்தது, எது கைப்பிழை என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் ‘டிஸ்க்மேப்’ என்ற கருவி வந்து, எங்கே இடைவெளி, எங்கே மோதல் என்று வரிசையாகக் காட்டியது. தீர்ப்பு நிர்வாகியுடையதுதான்.

1999-இல் விஎம்வேர் நிறுவனம் சாதாரண பிசியிலேயே வெர்ச்சுவல் மெஷினை ஓட வைத்தது. இங்கேயும் எளிய எழுத்தில் ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைல். டிஸ்க்கும் ஒரு ஃபைலாகிவிட்டதால் சிலிண்டர் கணக்கு ஒழிந்தது. ஆனால் ஃபைல் என்றால் காப்பி எடுக்கலாமே. காப்பி எடுத்தால் அடையாள எண்ணும் நெட்வொர்க் முகவரியும் சேர்ந்து வரும், ஒரே முகவரியில் இரண்டு இயந்திரம் நிற்கும். அதனால்தான் ஃபைல்கள் இடம் மாறியிருந்தால் விஎம்வேர் ஒரு கேள்வி கேட்கும்: நகர்த்தினாயா, காப்பி எடுத்தாயா? காப்பி என்றால் புது அடையாளம் கொடுத்துவிடும்.

2010-இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட வேகரன்ட், இந்த வரிகளை நிரலோடு நிரலாக வைத்துக் குழுவுக்கே பகிரும் வழக்கத்தைப் பரப்பியது. அதிலும் இரண்டு இயந்திரங்கள் வெளியே ஒரே போர்ட் எண்ணைக் கேட்டால் மோதல்தான். ஆனால் இம்முறை, தாமாக வேறு எண் பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்த ஃபைலிலேயே ஒரு வார்த்தை எழுதி வைக்கலாம்.