பன்னிரண்டு படங்களின் கமரா



நம் வீடுகளில் பழைய அல்பத்தைப் புரட்டினால் சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது கண்ணில் படும். சுற்றிவர வெள்ளைக் கரை. நடுவில் மரக் கதிரையில் மூத்தாப்பா, தொப்பியோடு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி. போன் படம் நீளமாக இருக்கிறது, அந்தப் படம் மட்டும் ஏன் சதுரம் என்று நாம் கேட்டதில்லை. கேட்டால் ஒரு நல்ல வரலாறு வெளியே வருகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1901ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொடக் கம்பனி தனது பிரவுனி பெட்டிக் கமரா ஒன்றுக்காக ஒரு பிலிம் சுருளை விற்பனைக்கு விட்டது. பின்னர் அதற்கு 120 என்ற இலக்கம் நிலைத்தது. ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அகலம், வெளிச்சம் படாதிருக்க முதுகில் தாள். சதுரமாக எடுத்தால் ஒரு சுருளில் 12 படங்கள். அவ்வளவுதான். இன்றும் இதே பிலிம் உலகில் விற்பனையாகிறது. இதைப் பாவிக்கும் கமராக்களைத்தான் மீடியம் ஃபோர்மட் என்கிறார்கள்.

பிற்காலத்தில் நாம் அறிந்த 36 படச் சுருளில் ஒரு நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீற்றர். சதுர நெகட்டிவ் 56க்கு 56. பெருக்கிப் பார்த்தால் பரப்பளவு மூன்றரை மடங்குக்கும் மேல். அதனால்தான் அந்தக் காலத்துப் படத்தைப் பெரிதாக்கினாலும் தாடியின் ஒவ்வொரு முடியும் சேர்ட்டின் நெசவும் தெளிவாகத் தெரிகின்றன.

சரி, ஏன் சதுரம்? 1929இல் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ரோலைஃபிளெக்ஸ் என்ற கமரா பிறந்தது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. கமராவை நெஞ்சளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து, ஒரு கண்ணாடித் தகட்டில் காட்சியைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கமராவைப் பக்கவாட்டில் சரித்தால் பார்க்கவே முடியாது. படம் சதுரமாக இருந்தால் சரிக்கத் தேவையில்லை, பிறகு வேண்டிய அளவில் வெட்டிக்கொள்ளலாம். நமது அல்பத்துச் சதுரத்துக்குக் காரணம் இதுதான்.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. எடுப்பவர் தலை குனிந்து நிற்பார், எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேரே கமரா நீட்டப்படுவதில்லை. கூச்சப்படும் மனிதர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பதை நமது ஊர்களில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கமராவைப் பற்றிப் பேசினால் "அதை முஸ்லிம்கள்தான் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி உடனே வந்துவிடும். உண்மையைச் சொல்வோம். சிறு துவாரத்தால் ஒளி நுழைந்து தலைகீழ் உருவம் தோன்றுவதைச் சீனரும் கிரேக்கரும் முன்பே கவனித்திருந்தார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அதைப் பரிசோதனை செய்து, ஒளி நேர்கோட்டில் செல்வதையும் பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதையும் முறைப்படி விளக்கினார். கிதாபுல் மனாழிர் என்ற அவரது நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. நாம் பெருமைப்பட அது போதும். இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

இனி சுவீடனுக்குப் போவோம். கோதன்பர்க் நகரில் புகைப்படப் பொருட்களை விற்ற குடும்பத்தில் 1906இல் பிறந்தவர் விக்டர் ஹசல்பிளாட். சிறு வயதிலிருந்தே பறவைப் பைத்தியம். பறவைகளைப் படம் பிடிக்கக் கைக்கு அடக்கமான நல்ல கமரா வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. இரண்டாம் உலகப் போரின்போது, தம்மிடம் சிக்கிய ஜேர்மன் விமானக் கமரா ஒன்றைக் காட்டி, இதுபோல் ஒன்று செய்ய முடியுமா என்று சுவீடன் விமானப்படை அவரிடம் கேட்டது. இதுபோல் முடியாது, இதைவிட நல்லதாய்ச் செய்ய முடியும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. செய்தும் கொடுத்தார். போர் முடிந்து 1948இல் பொதுமக்களுக்கான தமது முதல் கமராவை நியூயோர்க்கில் வெளியிட்டார். அதன் ஷட்டர் அடிக்கடி பழுதானது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே வைத்து 1957இல் 500C என்ற கமராவைக் கொண்டுவந்தார். அந்த அமைப்பு சிறு திருத்தங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது.

லென்ஸும் பிலிம் பெட்டியும் சேர்ந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ. பெட்டரி கிடையாது. ஒளியை அளக்கும் கருவியும் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பிலிம் நகரும், ஷட்டர் இறுகும், கண்ணாடி கீழே இறங்கும். மேலிருந்து குனிந்து பார்த்தால் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார், கை பழகச் சில நாள் எடுக்கும். வெளிச்சத்தை நாமே கணக்குப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி "டொக்" என்று மேலே போய் அங்கேயே நின்றுவிடும். மறுபடி சுற்றும்வரை உள்ளே இருட்டுத்தான். அடுத்த படம் வேண்டுமா என்று கமராவே நம்மிடம் கேட்பது போல.

இந்தக் கமராவைத்தான் 1962 ஒக்டோபரில் வொலி ஷிரா என்ற விண்வெளி வீரர் பூமியைச் சுற்றக் கொண்டுபோனார். ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றில் வாங்கிய சாதாரண 500C. உள்ளே ஒளி தெறிக்காதிருக்க அதற்குக் கறுப்பு வர்ணம் பூசினார்கள். 1969 ஜூலையில் அப்பலோ 11 சந்திரனில் இறங்கியபோது போனது அதன் மோட்டார் பூட்டிய வகை. மார்பில் பொருத்தியிருந்தார்கள். குனிந்து பார்க்க வழியில்லை, உடம்பைத் திருப்பித்தான் குறி வைக்க வேண்டும். திரும்பும்போது பாரம் குறைக்கக் கமராவை அங்கேயே விட்டுவிட்டுப் பிலிம் பெட்டிகளை மட்டும் கொண்டுவந்தார்கள். விலையுயர்ந்த இயந்திரம் கிடக்கட்டும், பிலிம் வீடு வந்து சேர வேண்டும்.

இதில் நாம் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. சந்திரனில் முதலில் கால் வைத்தவர் நீல் ஆம்ஸ்ட்ரோங். ஆனால் அங்கு எடுத்த புகழ்பெற்ற படங்களில் நிற்பவர் பஸ் ஓல்ட்ரின். காரணம், பெரும்பாலான நேரம் கமரா ஆம்ஸ்ட்ரோங்கிடம் இருந்தது. ஓல்ட்ரினின் தலைக்கவசக் கண்ணாடியில் சிறு உருவமாகத்தான் அவர் தெரிகிறார். படம் எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை.

இனி ஆபிரிக்காவின் மாலி. 1960இல் சுதந்திரமடைந்த முஸ்லிம் பெரும்பான்மை நாடு. தலைநகர் பமாகோவில் மாலிக் சிதிபே என்பவர் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தார். இரவு விருந்துகளுக்கு சிறிய கமராவோடு போவார். ஸ்டூடியோவில் சதுரக் கமரா. பெருநாள் உடுப்போடு வந்தவர்கள், புது மோட்டார் சைக்கிளோடு வந்த வாலிபர், பிள்ளையோடு வந்த தாய் என எல்லோரையும் ஒரே கவனத்தோடு எடுத்தார். பழுதான கமராக்களையும் திருத்திக் கொடுத்தார். நெகட்டிவ்களை எறியவில்லை. 1990களில் வெளியுலகம் அவற்றைக் கண்டு வியந்தது. 2003இல் புகைப்படத் துறையின் பெரும் பரிசான ஹசல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆபிரிக்கர் அவரே. ஒரு நாட்டின் வாலிபப் பருவம் எப்படி இருந்தது என்று இன்று உலகம் அறிகிறதென்றால், ஒரு கடைக்காரர் பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்தது அதற்கு ஒரு காரணம்.

இப்போது பல நாடுகளில் இளைஞர்கள் இந்தப் பழைய கமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். 1970இல் ஜப்பானில் வெளிவந்த மமியா RB67 இரண்டரைக் கிலோவுக்கும் மேல். தோளில் போட்டு நடந்தால் மாலையில் தோள் சொல்லும். சுருளுக்குப் பத்தே படங்கள். பிலிமுக்கும் கழுவுவதற்கும் காசு. எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. இத்தனை சிரமத்தில் என்ன சுகம்? பத்தோ பன்னிரண்டோதான் என்று தெரிந்த மனிதன் அழுத்துமுன் பார்க்கிறான். முகத்தைப் பார்க்கிறான், வெளிச்சத்தைப் பார்க்கிறான், இது வேண்டுமா என்று தன்னைக் கேட்கிறான். நாம் அதை நிய்யத் என்போம். போனில் ஒரே கலியாணத்தில் நூற்றுக்கணக்கில் எடுக்கிறோம், அடுத்த மாதம் எத்தனையைத் திரும்பப் பார்க்கிறோம்? போனைக் குறை சொல்லவில்லை. எண்ணிக்கை குறைந்தால் கவனம் கூடுகிறது என்பதைச் சொல்கிறோம். இயந்திரமும் அப்படித்தான். பற்சக்கரமும் சுருள்வில்லும் தேய்ந்தால் கைவினை தெரிந்தவர் திருத்தலாம். அரை நூற்றாண்டு பழைய கமராக்கள் இன்றும் வேலை செய்கின்றன.

இதையெல்லாம் எழுதியதற்குக் காரணம் இதுதான். நமது மூத்தவர்களில் பலர் மார்க்கப் பேணுதலால் படம் எடுக்க விரும்பியதில்லை. ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு எடுத்த ஒன்றுதான் சிலருடைய ஒரே படம். அதை எடுத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆம்ஸ்ட்ரோங்கைப் போல அவரும் படத்தில் இல்லை. ஆனால் அவரது ஸ்டூடியோவின் நெகட்டிவ்கள் எங்காவது ஒரு அலுமாரிக்கு மேல் சப்பாத்துப் பெட்டியில் இருக்கலாம். கடை மூடும்போதும் வீடு இடிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிதான்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எரிக்காதீர்கள். நமது சூட்டிலும் ஈரத்திலும் பழைய பிலிம் கெட்டுப்போகும், வினாகிரி வாசம் வந்தால் அதுதான் அறிகுறி. ஈரத் துணியால் துடைக்காமல் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு ஈரமில்லாத, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெள்ளை வெளிச்சம் தெரியும் போன் திரைக்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனால் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகம் தெரியும். உறையின் மேல் அவர் பெயரை எழுதுங்கள். எடுத்தவரின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

ஊரில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவர்களை நினைவிருப்பவர்கள், குடும்பத்தாரின் சம்மதத்தோடு நமக்குத் தெரிவியுங்கள். உயிரோடு இருப்பவர்களை நேரில் போய்ப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். மறைந்தவர்களுக்காகத் துஆச் செய்வோம்.