ஆங்கில நாவலின் பெண்குரலும் தமிழ் முன்னிலைப் பெயரும்: பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833-1908) 1880களில் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியவர். செய்யுட் புலவராகவே பெரிதும் பேசப்படும் அவர், ரெயினால்ட்ஸ் எழுதிய கிரிமியப் போர் நாவலை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' எனத் தமிழாக்கியவருமாவார். துருக்கியப் படைத்தலைவரின் வீரக்கதை தமிழ் முஸ்லிம் வாசகரைக் கவரும் எனக் கருதியிருக்கலாம். பின்னர் மறைமலையடிகளும் ரெயினால்ட்ஸின் 'லைலா'வைத் தழுவியே 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை (1911) எழுதினார்.

இத்தேர்வு நோக்கத்தக்கது. பெண்ணொருத்தி தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்கும் சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' 1847இலேயே வெளிவந்துவிட்டது. முன்னோடிகள் இருவரும் நாடியதோ நிகழ்ச்சிகள் விரைந்தோடும் கதைகளை. குமுதவல்லி அரசியாக இருந்தும் அவளது உள்ளத்தைவிட அவளுக்கு நேர்வனவே கதையை நடத்துகின்றன.

'ஜேன் அயர்' போன்ற நாவலைத் தமிழாக்குவோர்க்குரிய இடர்ப்பாடு கதையில் இல்லை. முன்னிலைப் பெயரில் உள்ளது. ஆங்கிலத்தில் ஜேனும் ராச்செஸ்டரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் சுட்டுவர். தமிழிலோ, அவன் 'நீ' என்பதும் அவள் 'நீங்கள்' என்பதும் இயல்பாகவே வந்து அமைந்துவிடும். 23ஆம் இயலில், ஏழ்மையும் எளிய தோற்றமும் உடையவளாயினும் ஆன்மாவால் தான் அவனுக்கு நிகர் என்கிறாள் ஜேன். அப்பேச்சிலும் 'நீங்கள்' நீடித்தால் தமிழ் வாசகர் செவியில் விழுவது மனைவியின் ஊடலேயன்றி மனிதப்பிறவியின் உரிமைக்குரலன்று. அவள் அவனை 'ஐயா' என விளிப்பதைக் காட்டி 'நீங்கள்' என்பதே முறை என வாதிடலாம். பிற இடங்களுக்கு அது பொருந்தும். ஆயின் அவ்வொரு பேச்சிலேனும் 'நீ' என மாறுவதே மூலத்துக்கு நேர்மையானது என்பது என் கருத்து.

இது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனை ஒருமையிலேயே முன்னிலைப்படுத்துகிறாள். பழந்தமிழில் அரசனை ஒருமையில் விளிப்பது வழக்கமே. எனினும் இன்றைய வாசகர்க்கு அவ்வொருமை அவளது சினத்தின் குரலாகவே ஒலிக்கிறது. அகப்பாடல்களிலும் தலைவி தோழியிடம் தன் நெஞ்சைத் திறந்து பேசுகிறாள். பெண்ணின் உள்ளத்தைச் சொல்லும் மொழி தமிழில் முன்பே இருந்தது. தொடக்ககால நாவல் மொழிபெயர்ப்பாளர்க்கு அது செய்யுளின் உடைமையாகவே தோன்றியது போலும். யாப்பில் வல்ல நாவலரும் உரைநடைப் புனைவுக்கு அதனை எடுத்தாளவில்லை.