ஜோயி நம்மை அழ வைப்பது எதனால்? 'வார் ஹார்ஸ்' படமும் குதிரைப் பிரியர்களின் கண்ணீரும்!

நாய் பாசத்துக்கு ஒரு 'ஹாச்சி' என்றால், குதிரைப் பாசத்துக்கு 'வார் ஹார்ஸ்'. பக்கத்தில் கர்ச்சீப் இல்லாமல் பார்க்கவே கூடாத படங்கள் இவை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் 2011 டிசம்பரில் வெளியான 'வார் ஹார்ஸ்', சிறந்த படம் உட்பட 6 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும், குதிரையை நேசிப்பவர்கள் அதிகம் பேசும் படங்களில் இதற்கு இன்றும் தனி இடம்.

படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அழலாம். ஆனா, குதிரையோடு பழகியவங்க அழுற இடம் கொஞ்சம் வேற. அவர்கள் முகம் சுளிக்கும் இடங்களும் உண்டு. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், இந்தப் படம் மட்டுமல்ல, குதிரை என்ற விலங்கே நமக்கு இன்னும் நன்றாகப் புரியும். (இன்னும் படம் பார்க்காதவர்கள் கவனிக்க: இனி கதையும் முடிவும் வரும்!)

கதை என்ன?

இங்கிலாந்தின் டெவன் பகுதி. ஏழை விவசாயி டெட், ஏர் உழுவதற்குத் தோதான குதிரை வாங்க ஏலத்துக்குப் போகிறார். நில உரிமையாளரோடு வீம்புக்குப் போட்டி போட்டு, 30 கினி விலைக்கு ஒரு துடிப்பான இளம் குதிரையை வாங்கிவந்து விடுகிறார். நான்கு கால்களிலும் சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. டெட்டின் மகன் ஆல்பர்ட் அதற்கு 'ஜோயி' என்று பெயர் வைத்துப் பழக்குகிறான். 1914-ல் முதல் உலகப்போர் தொடங்குகிறது. பணத்தேவையால் ஜோயியை ராணுவத்துக்கு விற்கிறார் டெட்.

அதன்பிறகு பிரிட்டிஷ் கேப்டன், தப்பியோடும் ஜெர்மன் சகோதரர்கள், ஒரு பிரெஞ்சுச் சிறுமியும் அவள் தாத்தாவும், ஜெர்மன் பீரங்கிப் படை எனக் கை மாறிக்கொண்டே இருக்கிறது ஜோயி. சிப்பாயாகப் போருக்கு வரும் ஆல்பர்ட்டும் ஜோயியும் மீண்டும் சந்திப்பதுதான் கதை.

இதன் மூலம், மைக்கேல் மோர்பர்கோ 1982-ல் எழுதிய சிறுவர் நாவல். அதில் குதிரையே தன் கதையைச் சொல்லும். தன் கிராமத்தில், முதல் உலகப்போரில் குதிரைகளோடு இருந்த முதியவர்களிடம் பேசியதிலிருந்து இந்த நாவல் பிறந்ததாக மோர்பர்கோ சொல்லியிருக்கிறார். போர்முனையில் தன் பயத்தையெல்லாம் குதிரையிடம் மட்டுமே சொல்லி ஆறுதல் தேடியவர்கள் அவர்கள்.

காதைப் பார்த்தே கண்ணீர்!

குதிரைக்காரர்கள் ஒரு குதிரையைப் பார்த்ததும் முதலில் கவனிப்பது காதைத்தான். இரண்டு காதும் முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் ஆர்வம். பின்னால் படுத்து கழுத்தோடு ஒட்டிவிட்டால் கோபம் அல்லது பயம். ஒரு காது மட்டும் பின்பக்கம் திரும்பியிருந்தால், முதுகில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறது என அர்த்தம். வசனமே இல்லாத ஜோயி, இவர்களிடம் படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது.

லண்டன் நேஷனல் தியேட்டர் 2007-ல் இதே கதையை நாடகமாக்கியபோது மேடையில் நிஜக் குதிரையே இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு பிரம்பால் செய்த ஆளுயரக் குதிரைப் பொம்மையை மூன்று பேர் சேர்ந்து இயக்கினார்கள். காது திரும்பும், மூச்சில் நெஞ்சு ஏறி இறங்கும். அந்த இரண்டு போதும்... பார்வையாளர்கள் பிரம்பை மறந்து குதிரையைப் பார்த்தார்கள்.

அடுத்த விஷயம், பயம். குதிரை இயல்பிலேயே வேட்டையாடப்படும் விலங்கு. ஆபத்து என்றால் சண்டை போடாது, ஓடிவிடும். தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால், கிட்டத்தட்ட 350 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். காற்றில் ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தாலே மிரளக்கூடிய ஜீவன் அது. அப்படிப்பட்ட விலங்கு பீரங்கிச் சத்தத்தை நோக்கி ஓடுகிறது என்றால்? முதுகில் இருக்கும் மனிதன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அது நம்பக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையை மாசக்கணக்கில் ஊட்டி வளர்த்ததும் ஒரு மனிதன்தான்.

சாதாரண பார்வையாளர் ஜோயி அடிபடும்போது அழுகிறார். குதிரை வளர்த்தவர், ஜோயி சொன்னபடி கேட்கும்போதே அழ ஆரம்பித்துவிடுகிறார். அந்தக் கீழ்ப்படிதல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும்.

ஜெர்மன் பீரங்கியை மேட்டில் இழுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோயியின் தோழனான கறுப்புக் குதிரை டாப்தார்ன் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. அதைப் பூட்டப் போகும் நேரத்தில், ஜோயி தானாக முன்வந்து நிற்கிறது. குதிரைகள் கூட்டமாக வாழ்பவை. தோழனைப் பிரிந்தால் கனைத்துத் தேடும், தீனி எடுக்காமல் இருக்கும். இது தெரிந்தவர்களால் அந்தக் காட்சியைச் சும்மா கடந்துபோக முடியாது.

அதேபோல, மனித முகத்தைக் குதிரை படிக்கும் என்பதும் வெறும் செல்லப் பேச்சு கிடையாது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளிடம் கோப முகம், சிரித்த முகம் இரண்டின் புகைப்படங்களையும் காட்டினார்கள். கோப முகத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. இடது கண்ணால் அதிகம் பார்த்தன. 2016-ல் வெளியான ஆய்வு இது.

'இதெல்லாம் நடக்காதே!'

பாசம் இருக்கிற இடத்தில்தானே உரிமையான கோபமும் வரும்? குதிரை தெரிந்தவர்கள் இந்தப் படத்தில் குறை கண்டுபிடிக்கும் இடங்களும் இருக்கின்றன.

முதலாவது, ஏர் உழும் காட்சி. ஜோயி, பந்தயக் குதிரை ரத்தம் கலந்த மெல்லிய கால் குதிரை. பிரிட்டனில் உழவுக்கு ஷயர், கிளைட்ஸ்டேல் போன்ற கனத்த இனங்களைத்தான் பயன்படுத்தினார்கள். கல்லும் மண்ணுமான நிலத்தை ஜோயி ஒரே நாளில் உழுது முடிப்பது சினிமாவுக்குத்தான் சரி. படத்தில் வரும் ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதால் மன்னித்துவிடலாம்.

இரண்டாவது, ஜோயியின் முகம். குட்டியிலிருந்து பெரிய குதிரை வரை, ஜோயியாக நடித்தவை மொத்தம் 14 குதிரைகள். வெள்ளை சாக்ஸும் நெற்றிப் பொட்டும் மேக்கப். நமக்கு எல்லாம் ஒரே குதிரை. கூர்ந்து பார்க்கும் குதிரைக்காரர்களுக்கோ, அடுத்த ஷாட்டில் தலையின் அமைப்பு மாறியது உடனே தெரிந்துவிடும்!

மூன்றாவது, முள்கம்பிக் காயம். அவ்வளவு கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு ஓடிய குதிரையின் கால் நரம்பும் தசைநாரும் தப்புவது அபூர்வம். தப்பினாலும் சீழ், டெட்டனஸ் என அடுத்தடுத்த ஆபத்துகள் காத்திருக்கும்.

முள்கம்பிக் காட்சி... நிஜக் குதிரைக்கு அடிபட்டதா?

படம் பார்த்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: முள்கம்பி நிஜமானதல்ல, அடிபடாத மென்மையான பொருளில் செய்யப்பட்டது. சிக்கித் தவிக்கும் நெருக்கமான காட்சிகளுக்கு இயந்திரக் குதிரையைப் பயன்படுத்தினார்கள். விலங்குகள் பாதுகாப்புக்கான அமெரிக்கன் ஹ்யூமேன் அமைப்பின் பிரதிநிதி படப்பிடிப்பில் கூடவே இருந்தார்.

குதிரைகளைக் கவனித்துக்கொண்டவர் பாபி லோவ்கிரன் என்ற பயிற்சியாளர். ஜோயியாக முக்கியக் காட்சிகளில் நடித்தது அவருடைய 'ஃபைண்டர்' என்ற குதிரை. 2003-ல் வந்த 'சீபிஸ்கட்' படத்திலும் இது நடித்திருக்கிறது. ஆல்பர்ட்டாக நடித்த ஜெரமி இர்வின், இந்தப் படத்துக்காகத்தான் குதிரையேற்றமே கற்றுக்கொண்டார்.

குதிரைப்படைத் தாக்குதல் காட்சியையும் கவனியுங்கள். வீரர்கள் குண்டடிபட்டு விழுவதைக் காட்டாமல், ஆளில்லாத சேணத்தோடு எந்திரத் துப்பாக்கிகளைத் தாண்டிப் பாயும் குதிரைகளை மட்டும் காட்டுகிறார் ஸ்பீல்பெர்க். ரத்தமே இல்லாமல் நெஞ்சைப் பிசையும் காட்சி அது.

சினிமா எப்போதும் இவ்வளவு அக்கறையாக இருந்ததில்லை. 1936-ல் வந்த 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' படத்துக்காக, ஓடும் குதிரைகளின் காலில் கம்பி கட்டித் தடுக்கி விழவைத்தார்கள். பல குதிரைகள் இறந்தன. 1937-ல் பிரிட்டன், விலங்குகளை வதைத்து எடுத்த படங்களைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. 1939-ல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரை குன்றிலிருந்து விழுந்து இறந்தது. அதன்பிறகே ஹாலிவுட் படப்பிடிப்புகளில் கண்காணிப்பு வந்தது.

நிஜப் போரில் என்ன நடந்தது?

இனிதான் மனசு கனக்கும் பகுதி. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்தவை சுமார் 25,000 குதிரைகள். சில வாரங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஊர் ஊராகப் போய் எடுத்துக்கொண்டார்கள். பால் வண்டி இழுத்தது, ஏர் உழுதது, பிள்ளைகள் சவாரி போனது என எதுவும் பாக்கியில்லை. 'எங்கள் மட்டக்குதிரையை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று போர் அமைச்சர் கிச்சனருக்குக் கடிதம் எழுதிய குழந்தைகள்கூட உண்டு.

அந்தப் போரில் எல்லாத் தரப்பிலும் சேர்த்து 80 லட்சம் குதிரைகளும் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பிரிட்டன் தரப்பில் மட்டும் சுமார் 4,84,000. இவற்றில் குண்டடிபட்டு இறந்தவை குறைவு. களைப்பு, குளிர், சேறு, பசி, நோய் ஆகியவைதான் பெரும்பாலானவற்றைக் கொன்றன. படத்தில் டாப்தார்ன் நடந்து நடந்தே ஓய்ந்துபோய் விழுகிறதே, வரலாற்றுக்கு மிக நெருக்கமான காட்சி அதுதான்.

காப்பாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். பிரான்ஸில் இருந்த பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவமனைகள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை தந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை குணமாகின. ஆனால், குணமான குதிரை எங்கே போகும்? மறுபடியும் போர்முனைக்குத்தான்.

ஜோயி வீடு திரும்பியது... மற்றவை?

படத்தின் முடிவில், செந்நிற மாலை வெளிச்சத்தில் ஆல்பர்ட்டும் ஜோயியும் வீடு திரும்புகிறார்கள். பலர் நிம்மதியாக மூச்சு விடும் இடம் இது. வரலாறு தெரிந்த குதிரைப் பிரியர்களுக்கோ இரண்டாவது முறை கண்ணீர் வரும் இடம்.

ஜோயிபோலத் திரும்பியவை உண்டு. ஜெனரல் ஜாக் சீலியின் 'வாரியர்' என்ற குதிரை, நான்கு வருடப் போரைப் பார்த்துவிட்டுச் சொந்த ஊரான வைட் தீவுக்குத் திரும்பி, 1941 வரை வாழ்ந்தது. 2014-ல், விலங்குகளின் வீரத்துக்கான டிக்கின் பதக்கம் அதற்குக் கௌரவமாக வழங்கப்பட்டது.

ஆனால், வாரியர் விதிவிலக்கு. போர் முடிந்ததும் ஏராளமான குதிரைகள் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் விவசாயிகளுக்கும் இறைச்சிக்கும் விற்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து போருக்குப் போனவை 1,20,000-க்கும் மேல். அவற்றில் தாய்நாடு திரும்பியது 'சாண்டி' என்ற ஒரே ஒரு குதிரை!

அந்த ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கு 'வேலர்' என்று பெயர். நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரிலிருந்து வந்தது. முதல் உலகப்போருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ராணுவத்துக்காக இவை நம்ம மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கின்றன. உலகப்போரின்போதும் ஆஸ்திரேலியக் குதிரைகளில் பெரும் பகுதி பிரிட்டிஷ் இந்தியப் படைக்குத்தான் வந்தது.

எகிப்தில் விற்கப்பட்ட குதிரைகளின் கதை இன்னும் கொடுமை. 1930-ல் கெய்ரோ போன டோரதி புரூக் என்ற பிரிட்டிஷ் பெண்மணி, தெருவில் பாரம் இழுக்கும் எலும்பும் தோலுமான குதிரைகளைப் பார்த்தார். அவற்றின் உடலில் இருந்த ராணுவ முத்திரையைப் பார்த்ததும்தான், அவை போர்க்குதிரைகள் என்று புரிந்தது. 1931-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மக்கள் அனுப்பிய பணத்தில் சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை தேற முடியாத நிலையில் இருந்தன. கடைசி நாள்களில் வயிறாரத் தீனி, ஓய்வு, பிறகு வலியில்லாத மரணம். அவரால் தர முடிந்தது அவ்வளவுதான்.

1934-ல் அவர் கெய்ரோவில் தொடங்கிய குதிரை மருத்துவமனைதான், இன்று 'புரூக்' என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகளில், செங்கல் சூளையிலும் வண்டியிலும் உழைக்கும் குதிரை, கழுதைகளுக்காக வேலை செய்கிறது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பிரிட்டனில் இந்தப் படத்துக்கு '12ஏ' சான்றிதழ். 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களோடுதான் தியேட்டரில் பார்க்க முடியும். டாப்தார்ன் இறப்பதும், முள்கம்பிக் காட்சியும் குழந்தைகளை ரொம்பவே பாதிக்கலாம். 'அது நிஜக் குதிரை இல்லை' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நீங்கள் இரண்டாவது முறை பார்க்கிறீர்களா? இந்த முறை ஜோயியின் காதுகளை மட்டும் கவனியுங்கள். ஒரு காது பின்னால் திரும்பி, முதுகில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காதை நம்ப வைத்து எங்கே கூட்டிப்போனோம் என்பதுதான் குதிரைப் பிரியர்களை உலுக்குகிற கேள்வி.