‘நல்லா இரு’ என்றொரு வசை

திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறியதால் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண் திரும்பியது. வலக்கண் கேட்டுத் திருவாரூரில் சிவன்முன் நின்று பாடியதுதான் ஏழாம் திருமுறையின் 95ஆம் பதிகம்.

முதற்பாட்டில், வேறு யாரிடமும் போகாத அடிமை என்று சொல்லிவிட்டு, கொழுந்துவிடாமல் உள்ளே கனலும் தீயை உவமை சொல்கிறார். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கே தீ வைத்தார்கள். அது ஊருக்கே தெரிந்த தீ. விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குள் கனன்றது சுந்தரர் சொல்லும் தீ. அம்மன் வீடே எரிகையில் யாரைக் கூப்பிடுவது?

இரண்டாம் பாட்டு அடகுக்கடைப் பேச்சு. அடகுப் பொருளென்றால் மீட்க ஆள் வரும்; நான் அப்படியல்ல, விரும்பி வந்தவன், நீர் விற்றாலும் விற்கலாம் என்கிறார். கூடவே, நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்கிறார். பச்சைப் பொய். ஆனால் கலங்கிப்போனவன் கணக்கைச் சரியாகவா ஒப்பிப்பான்? பழியையும் இறைவன் தலையிலேயே போடுகிறார்.

மூன்றாவதில்தான் எனக்கு மனம் நிற்கிறது. கன்று முட்டினால் பசு சுரக்கிறது. உம்மைப் பாடுகிற அடியார் கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுவதா? ஆரூர் காவிரிச் சமவெளி. அங்கே ஏது குன்று? பார்வை போனவனுக்குத்தான் சமதரையிலும் குன்று முளைக்கும். மாத்தளைத் தோட்டங்களில் குன்றும் நிஜம், குழியும் நிஜம். இருட்டில் ஓடியவன் கால் வடிகானுக்குள்தான் இறங்கும்.

நான்காவதில், துன்பத்தைச் சொன்னால் மறுமையில் பார்க்கலாம் என்பீரா என்று கேட்கிறார். துக்கவீட்டில் ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இந்தப் பாட்டைப் படித்துவிட்டுப் போகலாம்.

பாட்டுக்குப் பாட்டு ஒரே முடிவு: சரி, நீராவது வாழ்ந்துகொள்ளும். வாழ்த்துப் போலிருக்கும் வசை. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் மாத்தளை வீதியில் வரும்போது, அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடியே ‘ஒனக்குக் கண்ணில்லையா தாயே, நீயாவது நல்லா இரு’ என்று முணுமுணுக்கும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். தட்டை மட்டும் கீழே வைக்கமாட்டார்கள்.

கடைசிப் பாட்டில் இறைவனுக்கு மூன்று கண் என்பதைச் சொல்லியே, என் கண்ணை நீர் பறித்தது உலகறியும் என்கிறார். பாடினால் இன்ன பலன் என்று பதிகங்கள் பலவும் முடியும். இதில் அதுவும் இல்லை. வலக்கண் வந்ததைச் சேக்கிழார்தான் பெரியபுராணத்தில் சொல்கிறார். பாட்டு முடியும்வரை அது வரவில்லை.