எரிந்த ஏடும் எரியாத உண்மையும்

ஏடு எரிகிறது, எழுதியவர் எதிரே நிற்கிறார்!

1933ஆம் ஆண்டு, மே திங்கள் 10ஆம் நாள் இரவு. பெர்லின் நகரின் ஆப்பெரா சதுக்கத்திலே தீ மூட்டி, நூல்களை வாரி வாரி வீசினர். வீசியவர் யார்? எழுத்தறியா மூடரா? இல்லை, தோழர்களே! பல்கலைக் கழக மாணவர்கள்! அவர்தம் பின்னே பேராசிரியர்கள்! பெயர் கூறி எரிக்கப்பட்ட எழுத்தாளருள் ஒருவர், கூட்டத்திடையே நின்று அக்கொடுமையைக் கண்ணாரக் கண்டார். அவர்தாம் எரிக் கேஸ்ட்னர். குழந்தைகள் கொண்டாடிய கதாசிரியர்.

1899இல் டிரெஸ்டன் நகரிலே பிறந்தவர். தந்தை, சேணம் தைக்கும் தொழிலாளி. தாய், முடி ஒப்பனைத் தொழில் செய்து மகனைப் படிக்கவைத்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த இளைஞரை 1917இல் பட்டாளம் பற்றி இழுத்தது. அங்கே அவர் இதயம் நலிந்தது. போர்வெறி மீது வெறுப்பு வளர்ந்தது.

1929இல் வெளிவந்தது 'எமிலும் துப்பறிவாளரும்'. அரசகுமாரன் இல்லை, வரந்தரும் தேவதை இல்லை. கதைத் தலைவன், முடி ஒப்பனை செய்யும் தாயின் மகன்! தாய் தந்த 140 மார்க்கை இரயிலிலே ஒருவன் திருடிவிடுகிறான். பெர்லின் சிறுவர்கள் ஒன்று திரண்டு, பணி பகிர்ந்து, அவனை வளைக்கின்றனர். பணம் தனதே என்று சாதிக்கிறான் திருடன். எமில் சத்தியம் செய்தானா? சாமியைக் கூப்பிட்டானா? நோட்டுகளைச் சட்டைப்பையில் ஊசியாற் குத்தி வைத்திருந்தேன், துளைகளைப் பாருங்கள் என்றான். பார்த்தனர், துளைகள் இருந்தன. வென்றது சான்று!

புகழ் பாடுவது மட்டும் வரலாறு ஆகாது. இட்லர் ஆட்சியிலே கேஸ்ட்னர் நாட்டை விட்டு ஓடவில்லை. இருமுறை இரகசியப் போலீசிடம் சிக்கினார். எனினும், அந்த ஆட்சியின் படநிலையத்துக்காகப் புனைபெயரில் மறைந்து கதை வசனமும் எழுதினார். 1943இல் அப்படம் வெளிவந்தது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

போருக்குப் பின், 1949இல், 'விலங்குகளின் மாநாடு' எழுதினார்: குழந்தைகளை வாழவைக்க, சண்டையிடும் தலைவர்களை விலங்குகள் கூடிப் பணியவைக்கும் கதை. 1958இல் ஆம்பர்க் நகரிலே பேசுகையில், கொடுங்கோலை 1928க்குள்ளாகவே தடுத்திருக்க வேண்டும் என்றார். நின்று பார்த்தவர் நெஞ்சிலிருந்து வந்த எச்சரிக்கை அது! 1960இல் ஆண்டர்சன் பதக்கம் பெற்றார், 1974இல் மறைந்தார்.

பட்டம் பெற்ற மாணவன் தீயிட்டான். பள்ளிச் சிறுவன் சான்று கேட்டான். இவ்விருவருள் யாரை நாம் வளர்க்கப் போகிறோம்? ஏடு கற்பித்தால் போதாது, தோழர்களே! எவர் எதைச் சாதித்தாலும், ஊசித்துளை எங்கே என்று கேட்கும் துணிவையும் கற்பிப்போம். பொறி, தீயாகுமுன் கற்பிப்போம்!