மாவட்ட ஆட்சியர்

அரசின் நிர்வாக அதிகாரத்தை மாவட்ட அளவில் செலுத்தும் அலுவலர். கலெக்டர் என்பது மக்கள் வழக்கு. வரி தண்டுபவர் என்பதே அச்சொல்லின் பொருள். பதவி வளர்ந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது.

1772-ல் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் இப்பதவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டு, பின்னர் மீண்டும் வந்தது.

தமிழகத்தில் இதன் வரலாறு தெளிவாகத் தெரிவது பாராமகாலிலிருந்துதான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த இப்பகுதி (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களுள் தாமஸ் மன்றோ ஒருவர். இருவரும் பட்டாளத்துக்காரர்கள். இடைத்தரகரின்றி உழவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கு உருவானது. அது ரீடின் யோசனையா, மன்றோவினுடையதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

1800-ல் நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்கு (பெல்லாரி, கடப்பை பகுதிகள்) மன்றோ ஆட்சியரானார். ஊர் ஊராகக் கூடாரமடித்துத் தங்கி, நிலங்களை அளக்கச் செய்தார். அளவுச் சங்கிலியின் நீளம் 33 அடி. அதன் சதுரம் 40 சேர்ந்தால் ஓர் ஏக்கர். 1816-ல் வந்த சட்டங்கள், நீதிபதிகளிடமிருந்த குற்றவியல் நடுவர் அதிகாரத்தையும் காவல் பொறுப்பையும் ஆட்சியருக்கு மாற்றின. வரி கேட்பவரே விசாரணையும் நடத்தலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. மன்றோ மாற்றத்தின் பக்கம் நின்றார். 1820-ல் சென்னை ஆளுநரான அவர், 1827-ல் பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார்.

அக்கால ஆட்சியர் சிலர் கோயில் கதைகளிலும் இடம்பிடித்துவிட்டனர். மதுராந்தகம் ஏரிக்கரையை இராம லட்சுமணர் காவல் காத்ததைச் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் கண்டதாகச் சொல்வர். அங்குள்ள பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். மதுரை ஆட்சியர் ரௌஸ் பீட்டர் மீனாட்சியம்மனுக்குக் குதிரை வாகனத்துக்கான தங்க அங்கவடிகளைக் காணிக்கையாக்கினார். ஊரார் அவரைப் பீட்டர் பாண்டியன் என்றனர். மழை இரவில் ஒரு சிறுமி அவரை வெளியே அழைத்துச் சென்றதும் மாளிகையில் இடி விழுந்தது என்பது செவிவழிச் செய்தி.

பின்வந்த பல பத்தாண்டுகளில் வருவாயுடன் பஞ்ச நிவாரணம், உள்ளாட்சி மேற்பார்வை என வேலைகள் கூடின. 1911 ஜூன் 17-ல் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், மணியாச்சி ரயில் நிலையத்தில் விடுதலைப் போராட்ட வீரர் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 50-ஆம் பிரிவு. 1974-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழக்கு விசாரணையை நீதித்துறை நடுவர்களுக்கு உரியதாக்கியது. அமைதி காக்கும் அதிகாரங்கள் ஆட்சியரிடமே நின்றன. ஆட்சியருக்குக் கீழே கிராம அளவில் இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது.

இன்று தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் உள்ளன. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் மக்களிடம் மனு வாங்குகிறார். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளுடன் நில அளவைச் சங்கிலியும் சரிபார்க்கப்படுகிறது.