ஐ டிரிங்க் யுவர் பிளட்

ஐ டிரிங்க் யுவர் பிளட், 1970இல் தயாராகி, 1971இல் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓடிய மலிவான திகில் படம். எழுதி இயக்கியவர் டேவிட் இ. டர்ஸ்டன். தயாரிப்பாளர் ஜெரி கிராஸ். அவருடைய சினிமேஷன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமே வெளியிட்டது. சாத்தானை வழிபடும் ஹிப்பிக் கும்பல் ஒன்றுக்கு வெறிநாய்க்கடி நோய் தொற்றுவதும், அது ஓர் ஊரையே பிடித்தாட்டுவதும் கதை. நடிப்பு, ஒலி, படத்தொகுப்பு எதை எடுத்தாலும் தேறாத படம். எனினும் கும்பல் தலைவன் ஹொரஸ் போன்ஸாக நடித்தவர் சென்னையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் பாஸ்கர் ராய் சௌத்ரி என்பதால் தமிழ் வாசகர் இதை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் இருக்கிறது.

பின்னணி

1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டே இரவுகளில் ஏழு பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணியான நடிகை ஷரோன் டேட். கொன்றவர்கள் சார்ல்ஸ் மேன்சன் என்பவனை ஞானகுருவாகக் கொண்டாடிய இளைஞர் குழுவினர். கௌபாய் படங்கள் எடுக்கப் பயன்பட்டுப் பிறகு பாழடைந்து கிடந்த ஸ்பான் பண்ணைதான் அவர்களின் இருப்பிடம். விசாரணை 1970இன் நடுவில் தொடங்கி 1971 தொடக்கம்வரை நீண்டது. அத்தனை மாதமும் பத்திரிகைகளுக்குத் தீனி. அதுவரை நீண்ட முடியும் பூமாலையும் கிதாருமாக, கேலிக்கோ பொறாமைக்கோ உரியவனாக மட்டும் இருந்த ஹிப்பி, ஒரே ஆண்டில் கதவைத் தாழிட வைக்கும் ஆளானான். உண்மையில் அமெரிக்காவின் பெரும்பாலான ஹிப்பிகள் வன்முறையில் இறங்கியவர்கள் அல்லர். மலிவுப் படக்காரர்களுக்கு அது பொருட்டில்லை.

நிஜக் கொலையாளியின் பெயரைப் போடாமல் அவன் சாயலில் ஒரு குருவை நடமாட விடும் படங்கள் வரிசையாக வந்தன. டிராய் டானஹ்யூ நடித்த ஸ்வீட் சேவியர் (1971), ராபர்ட் குவாரி இரத்தக் காட்டேரிக் குருவாக வந்த தி டெத்மாஸ்டர் (1972) ஆகியவை அவற்றில் சில. அர்ஜென்டினாவில் மைக்கேல், ராபர்ட்டா ஃபின்ட்லே தம்பதியர் எடுத்து, பின்னர் வேறொருவர் போலி முடிவொன்றை ஒட்டி 1976இல் ஸ்னஃப் என்ற பெயரில் வெளியிட்ட படமும் இதே வகை. இவற்றில் முந்தியதும் மூர்க்கமானதும் டர்ஸ்டனின் படமே.

டர்ஸ்டன் (இறப்பு 2010) தொலைக்காட்சியிலிருந்து வந்தவர். 1950களின் தொடக்கத்தில் டேல்ஸ் ஆஃப் டுமாரோ என்ற அறிவியல் புனைகதைத் தொடருக்கு எழுதினார். வழக்கமான காட்டேரியும் ஓநாய் மனிதனும் இல்லாத ஒரு திகில் படம் வேண்டும் என்று கிராஸ் கேட்டபோது, ஈரானில் வெறிபிடித்த ஓநாய்கள் ஒரு கிராமத்தாரைக் கடித்த செய்தி அவருக்குக் கைகொடுத்தது. அதனோடு மேன்சன் வழக்கைச் சேர்த்துக் கதை பின்னினார். அவர் வைத்த பெயர் போபியா, அதாவது அச்சநோய். கிராஸ் அதை மாற்றிவிட்டார். படத்தில் எவரும் எவருடைய இரத்தத்தையும் குடிப்பதில்லை.

கதை

நள்ளிரவு. காட்டில் தீ மூட்டி, ஆடையின்றி வட்டமாக நிற்கிறது ‘சாத்தானின் மக்கள்’ கும்பல். ஹொரஸ் போன்ஸ் கோழியை அறுத்துப் பூசை செய்கிறான். மறைந்திருந்து பார்க்கும் உள்ளூர்ப் பெண் சில்வியா பிடிபட்டுச் சிதைக்கப்படுகிறாள். மறுநாள் கும்பலின் வேன் பழுதாகிவிட, அவர்கள் வேலி ஹில்ஸ் என்ற ஊருக்குள் நுழைகிறார்கள். அணை கட்டுவதற்காக மக்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர் அது. அணை வேலையாட்களும், அவர்களுக்கு ‘மீட் பை’ எனப்படும் கறி வைத்துச் சுட்ட பண்டம் விற்கும் மில்ட்ரெட்டின் பேக்கரியும், ஒன்றிரண்டு குடும்பங்களுமே மிச்சம். பாழ்விடுதி ஒன்றைப் பிடித்துக்கொண்ட கும்பல் எலிகளை வேட்டையாடிச் சுட்டுத் தின்கிறது.

பேத்திக்கு நேர்ந்ததைத் தட்டிக் கேட்கத் துப்பாக்கியோடு போன தாத்தா டாக்டர் பேனரை அடித்து, வாயில் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைத் திணித்து அனுப்புகிறார்கள். சில்வியாவின் தம்பி பீட் அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியில் எதிர்ப்பட்ட வெறிநாயைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு தாத்தாவின் ஊசியால் அதன் இரத்தத்தை உறிஞ்சி, காலையில் பேக்கரியில் ஹிப்பிகளுக்கு விற்கவிருக்கும் பண்டங்களில் ஏற்றிவிடுகிறான். படத்திலேயே பொறுமையாக எடுக்கப்பட்ட காட்சி இதுதான். சிறுவன் முகத்தில் கோபம்கூட இல்லை. வீட்டுப் பாடம் எழுதுகிறவனைப் போல ஒவ்வொரு பண்டமாகக் குத்திக்கொண்டே போகிறான்.

அதன்பின் நடப்பதெல்லாம் ஓட்டமும் அலறலும். தின்றவர்களுக்கு வாயில் நுரை தள்ளுகிறது, ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். ஹொரஸைக் கொல்வது அவனுடைய கூட்டாளி ரோல்லோவே. கும்பலைச் சேர்ந்த மோலி என்ற பெண்ணின் மூலம் அணை வேலையாட்களுக்கும் நோய் பரவ, அவர்கள் கையில் கிடைத்த கருவிகளோடு திரளாக ஓடி வருகிறார்கள். தண்ணீரைக் கண்டால் அவர்களுக்கு நடுக்கம் என்பதால் தண்ணீரே நல்லவர்களின் ஆயுதம். வாய் பேசாத ஹிப்பிப் பெண்ணொருத்தி இறைச்சி அறுக்கும் மின்கத்தியால் ஒருத்தியின் கையைத் துண்டிக்கும் காட்சி அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. அந்தப் பெண்ணாக நடித்தவர் லின் லோரி. திரைக்கதை எழுதி முடித்த பிறகு வந்து சேர்ந்தவர் என்பதால் அவருக்கு வசனமே இல்லை. பெயரும் திரையில் வரவில்லை. பின்னாளில் ஜார்ஜ் ரொமேரோவின் தி கிரேஸீஸ் (1973), டேவிட் குரோனென்பர்க்கின் ஷிவர்ஸ் (1975) ஆகியவற்றில் நடித்துப் பெயர் பெற்றவர் இந்த ஊமைப் பெண்தான்.

இத்தனை சாவுக்கும் காரணமான பீட் இறுதிவரை உயிரோடு இருக்கிறான். படம் அவனைக் குற்றவாளியாகக் கருதவில்லை.

நோயும் படமும்

வெறிநாய்க்கடிக் கிருமி நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலும் நரம்புத் திசுவிலும் இருக்குமே தவிர, இரத்தத்தின் வழியாகத் தொற்றுவதில்லை. ஆகவே நாயின் இரத்தத்தை எடுத்ததிலேயே கதை சறுக்கிவிட்டது. கடிபட்டவருக்கு அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமாகும். இங்கே காலையில் தின்றவருக்கு அன்றே முற்றிவிடுகிறது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இந்நோய் பரவியதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வுகள், இறந்தவரின் கருவிழியையோ உறுப்பையோ பொருத்தியதால் நேர்ந்தவை. நோயாளிக்கு நீரச்சம் உண்டு என்பது உண்மை. விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இழுத்துப் பிடிக்கும் வேதனையால் வருவது அது. வாளி நீரை வீசினால் விலகி ஓடுவதற்கு நோயாளி என்ன பேயா?

இவ்வளவு பிழை மலிந்த படத்தில் மருத்துவத்தோடு முழுமையாக ஒத்துப்போகும் செய்தி ஒன்றே ஒன்று: அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. அதற்கு விலக்காக, படம் தயாரான அதே 1970இல்தான் வௌவால் கடித்த ஒரு ஓஹியோ சிறுவன், அறிகுறி தோன்றிய பின்னும் பிழைத்து மருத்துவ உலகை வியக்க வைத்தான்.

பாஸ்கர்

பாஸ்கர் ராய் சௌத்ரி (1930–2003) சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மகன். தந்தை ரங்பூரில் பிறந்த வங்காளி. 1929 முதல் ஏறத்தாழ மூன்று பத்தாண்டு சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். வெள்ளையர் வகித்துவந்த அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். 1954இல் லலித் கலா அகாதெமி தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 1958இல் பத்மபூஷண் பெற்றார். மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் வார்த்தது. பாறையை நெம்பும் நான்கு ஆட்களின் முறுக்கேறிய தசையையும் ஊன்றிய காலையும் பார்த்திராத சென்னைவாசி இருக்க முடியாது. அதே கடற்கரையின் காந்தி சிலையும் அவருடையதே. மல்யுத்தம் பழகியவர், மனித உடலை ஆற்றலின் வடிவமாகக் காணும் கண் அதனால் வாய்த்தது எனலாம்.

மகன் அந்த உடலை ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். சென்னையில் பரதநாட்டியம் கற்று, 1950களில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கைத் தளமாகக் கொண்டு இந்திய நடனங்களை நடத்திவந்தார். பாஸ்கர் என்ற ஒற்றைப் பெயரே அவருடைய மேடைப்பெயர். இப்படத்திலும் அப்பெயரே வருகிறது. அமெரிக்கத் திரையில் இந்தியருக்குப் பாம்பாட்டி, மகாராஜா வேடங்களைத் தாண்டி அதிகம் கிடைக்காத காலத்தில், இந்தியப் பெயரோ இந்தியக் கதையோ இல்லாத ஒரு முழுநீள வில்லன் வேடம் அவருக்கு வாய்த்தது. வாய்த்த படம்தான் இப்படி.

கூட நடித்தவர்களில் பெரும்பாலோர் வசனத்தை ஒப்பிக்க, பாஸ்கர் ஒருவரே உடம்பால் நடிக்கிறார். தொடக்கப் பூசையில் அவருடைய நிமிர்ந்த முதுகையும், சட்டென்று நின்று விழியை மட்டும் திருப்பும் பாங்கையும் கவனித்தால் அரைமண்டியில் நின்று பழகிய உடம்பு தெரிகிறது. நோய் முற்றிய பின்பு மற்றவர்கள் கைகாலை உதறிக் கத்தும்போது அவர் அசைவில் மட்டும் ஒரு தாளக்கட்டு மிஞ்சுகிறது. படத்தின் தரம் அவருக்கு இழுக்கு என்று சிலர் வருந்துவதுண்டு. படம் ஐம்பது ஆண்டு நின்றதற்கே அவர்தான் காரணம் என்பதே பொருத்தம். கும்பலைச் சேர்ந்த சூ-லின்னாக நடித்த ஜேடின் வாங்கும் நடனக் கலைஞரே. சீன-அமெரிக்கரான அவர் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் காட்சியில் அமைதியாக அமர்ந்திருப்பது, வியட்நாமியத் துறவிகளின் தீக்குளிப்பைச் செய்திகளில் கண்டிருந்த அன்றைய பார்வையாளருக்குப் புரிந்திருக்கும்.

1970களின் பிற்பகுதியில் மேடையிலிருந்து தவறி விழுந்ததில் பாஸ்கரின் கால்கள் செயலிழந்தன. பின்னர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஓவியத்தில் ஈடுபட்டார். 2002இல் படத்தின் டிவிடி வந்தபோது டர்ஸ்டனோடு அமர்ந்து படத்துக்கு விளக்கவுரை பதிவுசெய்து தந்தார். அடுத்த ஆண்டு காலமானார்.

படப்பிடிப்பு

நியூயார்க் மாநிலத்தின் ஷரோன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் படம் எடுக்கப்பட்டது. கந்தக ஊற்றுக்குப் பேர்போன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர்கள் நீராடி உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜிக் கொடுமைக்குத் தப்பிய யூதர்கள் மேற்கு ஜெர்மனி தந்த இழப்பீட்டின் உதவியுடன் வந்து தங்கினார்கள். 1970 வாக்கில் கூட்டம் குறைந்து, பெரிய மரவிடுதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மக்கள் காலி செய்த ஊர் என்று கதையில் வருவதற்குக் கிராஸ் ஒரு செங்கல்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை. கிளே பிட்ஸ் அமைத்த மின்னணு இசை, பாதி நேரம் பழுதான வானொலியைக் கேட்பதுபோல் இருக்கிறது.

வெளியீடு

அமெரிக்கத் திரைப்பட சங்கத்தின் தரச்சான்று முறை 1968 நவம்பரில்தான் வந்தது. அதன் எக்ஸ் சான்று பாலுறவுக் காட்சிகளுக்கானது என்ற எண்ணம் ஊன்றிவந்த வேளையில், வன்முறைக்காகவே எக்ஸ் பெற்ற முதல் படங்களில் ஒன்றானது இது. எக்ஸ் படத்தைப் பல அரங்குகள் அன்று ஏற்கவில்லை. பல நாளிதழ்கள் விளம்பரமும் போடவில்லை. பிரதிகளைத் திரும்ப அழைத்து வெட்டுவது செலவு என்று கருதிய கிராஸ், அந்தந்த ஊரில் எது ஆகாதோ அதை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று அரங்குக்காரர்களிடம் விட்டுவிட்டார். கத்தரி படமோட்டிகள் கைக்குப் போனது. ஊருக்கொரு படம் ஓடியது. நறுக்கிய துண்டுகள் பல அதோடு தொலைந்தன.

துணைப் படமும் கிராஸின் கைவேலைதான். டெல் டென்னி 1964இல் கறுப்பு வெள்ளையில் எடுத்து, வாங்குவாரின்றிக் கிடந்த ஸோம்பி படத்தை எடுத்து, ஐ ஈட் யுவர் ஸ்கின் என்று பெயர் சூட்டினார். ஒரே சீட்டில் இரண்டு படம். ஒன்றில் இரத்தம், ஒன்றில் தோல். காரிலிருந்தே பார்க்கும் திறந்தவெளி அரங்குகளில் இந்த இணை நன்றாக ஓடியது. அந்தப் படத்திலும் எவரும் தோலைத் தின்னவில்லை.

கிராஸை வெறும் தந்திரக்காரர் என்று ஒதுக்குவது சரியல்ல. மெல்வின் வான் பீபிள்ஸின் ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங் (1971), முதல் எக்ஸ் கார்ட்டூன் படமான ஃபிரிட்ஸ் தி கேட் (1972) ஆகியவற்றை மக்களிடம் கொண்டுசேர்த்ததும் சினிமேஷன்தான். 1970களின் நடுவில் அந்நிறுவனம் நொடித்தது.

இன்றைய நிலை

கிரைண்ட்ஹவுஸ் ரிலீசிங் நிறுவனம் வெட்டுப்படாத வடிவத்தைச் சீரமைத்து 2002இல் டிவிடியாகவும், 2016இல் புளூ-ரேயாகவும் வெளியிட்டது. முழு வடிவம் சுமார் 83 நிமிடம் ஓடும். வெட்டுப்பட்ட பழைய பிரதிகள் அதைவிடக் குறைவாக ஓடும்.